குத்தாமல் இரத்தம் பார்த்த மணிக்கூடு

மகளின் விரலில் ஊசி குத்தும் நேரம் வந்தால் நான் வீட்டுக்குள் நிற்க மாட்டேன். காலையில் மனைவி இரத்தச் சீனி பார்க்கும் அந்தச் சின்ன மெசினையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு குசினி மேசைக்கு வரும்போதே எனக்கு வெளியே ஏதாவது வேலை வந்துவிடும். மோட்டார் சைக்கிளுக்குக் காற்றுப் பார்ப்பேன். கிணற்றடியில் வாளியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வைப்பேன். ஒன்றும் இல்லாவிட்டால் படலையைத் திறந்து வீதியைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் மூடுவேன். உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

அவளுக்கு ஏழு வயதில் வந்த வருத்தம். உடம்பு தானாக இன்சுலின் சுரக்காத வகைச் சீனி வருத்தம். ஒரு மாதத்துக்குள் பிள்ளை உருகிப்போனாள். தண்ணீர், தண்ணீர் என்று கேட்டபடியே இருந்தாள். வவுனியாப் பெரியாஸ்பத்திரியில் ஒரு கிழமைக்கு மேல் வைத்திருந்து, இனி நாளுக்கு நாலு தரம் விரலில் குத்திச் சீனி பார்க்க வேண்டும், அதைக் கொப்பியில் எழுத வேண்டும், அதன்படி இன்சுலின் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். பத்து வயதாகும்போது இன்சுலினைத் தானே தொடையில் போடப் பழகிவிட்டாள். விரல் குத்துவதுதான் அவளுக்கு ஆகாது. விரல் நுனியெல்லாம் கடுகு விதைத்ததுபோலக் கறுப்புப் புள்ளிகள். பென்சில் பிடிக்கும் இரண்டு விரல்களை மட்டும் மனைவி தொடாமல் விட்டுவைத்திருந்தாள்.

நெடுங்கேணிச் சந்திக்குக் கிட்ட எனக்குப் போன் திருத்தும் கடை. என் அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். நான் இந்த மண்ணில் பிறந்து, மண்வெட்டிக்குக் கள்ளமடித்து, கையடக்கமான வேலையில் போய் ஒதுங்கியவன். அரைவாசி நெல்மணி அளவுள்ள துண்டைக்கூட ஈயம் உருக்கி ஒட்டுவேன். கை நடுங்காதவன் என்று எனக்குப் பெயர். அந்தக் கை மகளின் விரலைப் பிடித்தால் நடுங்கியது. வருத்தம் வந்து மூன்று வருடத்தில் ஒருநாள்கூட நான் குத்தியதில்லை.

அந்த விளம்பரம் போனில்தான் வந்தது. நரைத்த தலையுடன் ஒருவர் கையில் மணிக்கூட்டைக் கட்டுகிறார், சிரிக்கிறார். ஊசியில்லை, இரத்தமில்லை. தோலுக்குள் ஒளியைச் செலுத்தி இரத்தத்தில் இருக்கும் சீனியை அளக்கும் என்று எழுதியிருந்தது. எந்த ஒளி என்றும் எழுதியிருந்தது: செங்கீழ்க் கதிர். பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்தது. சிவப்புக்கு அடுத்தாற்போல் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒளி. ரீவி ரிமோட்டில் இருந்து வருவதும் அதுதான். எனக்குப் பழகிய சாமான். தெரிந்த சொல் ஒன்று கண்ணில் பட்டதால், தெரியாத மிச்சம் முழுவதையும் நம்பிவிட்டேன்.

பார்சல் வந்த அன்று மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முன்பள்ளி ஆசிரியை. எதையும் சட்டென்று தூக்கி எறிந்து பேச மாட்டாள்.

"உதைப் பற்றி டொக்ரரிட்டக் கேட்டனீங்களோ?"

"அடுத்த கிளினிக்குக்குப் போகேக்க கேப்பம்."

"அதுவரைக்கும் குத்துறதை விடேலாது."

"நான் விடச் சொல்லேல்லையே. ரெண்டையும் பாரும்."

முதல் நாள் மெசின் 131 காட்டியது, மணிக்கூடு 124. "பாத்தீரோ?" என்றேன். அடுத்த நாள் மெசினில் 192, மணிக்கூட்டில் 119. பட்டி தளர்ந்திருக்கிறது என்று சொல்லி ஒரு துளை இறுக்கிவிட்டேன். இன்னொரு நாள் 96க்கு 112. கிட்டத்தட்டச் சரி என்றேன். ஒத்துவந்த நாட்களை மட்டும் மனதில் வைத்துக்கொண்டேன். ஒத்துவராத நாட்களுக்கு ஒவ்வொரு காரணம் கண்டுபிடித்தேன். மனைவி மெசின் காட்டியதையே கொப்பியில் எழுதினாள்.

மணிக்கூட்டுக்குள் சிம் ஒன்று இருந்தது; பத்து நிமிசத்துக்கு ஒருதரம் என் போனுக்கு எண் அனுப்பும். இனி நிம்மதி என்றுதான் நினைத்தேன். ஆனால் அது வந்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடையில் ஒரு போனைக் கழற்றி வைத்துக்கொண்டு, என் போனைப் பார்ப்பேன். 113. ஒரு திருகாணியைப் பூட்டுவேன். திரும்பப் பார்ப்பேன். இன்னும் 113. சோற்றுக் கையோடு பார்ப்பேன். எண் வரப் பிந்தினால் பள்ளிக்கூடப் பக்கமாக ஒரு நடை போய் வருவேன். எண் சரியாக இருந்தால் அடுத்த எண் எப்படி வருமோ என்று இருக்கும். அது எப்போதும் சரியாகவே இருந்தது. அதுதான் முதலில் என்னை உறுத்தியிருக்க வேண்டும்.

மனைவியின் தங்கை அக்கராயனில் இருக்கிறாள். அவளுக்குப் பிள்ளை பிறந்து முப்பத்தொன்றாம் நாள் சடங்கு வந்தது. மகளுக்குச் சனிக்கிழமை புலமைப்பரிசில் வகுப்பு. அதனால் மனைவி தனியாக வெள்ளிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறினாள். ஞாயிறு வருவதாக ஏற்பாடு. ஏறும் முன் மெசினை மகளின் புத்தகப் பைக்குள் வைத்தாள். குளுக்கோஸ் பெட்டி ஒன்றும் வைத்தாள்.

"நாலு தரமும் குத்திப் பாக்கோணும். மணிக்கூட்டைப் பாத்திட்டு விட்டிடாதேங்கோ. எனக்குச் சத்தியம் பண்ணுங்கோ."

"ஓம், ஓம். நீர் போய் வாரும்."

பின்னேரம் மகளே மெசினை எடுத்துக்கொண்டு வந்தாள். "அப்பா, குத்தோணும்" என்று விரலை நீட்டினாள். அந்த விரலைப் பிடித்தேன். சூடாக, மெல்லியதாக இருந்தது. ஊசியைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்பவும் வைத்தேன்.

"மணிக்கூடு எவ்வளவு சொல்லுது?"

"நூற்றிப் பதினொண்டு."

"பிறகென்ன?"

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவிட்டாள். அந்தச் சந்தோசம் என்னையும் பிடித்துக்கொண்டது. நான் கொப்பியை எடுத்து, மனைவியின் எழுத்துக்குக் கீழே 111 என்று எழுதினேன். படுக்க முன் 108 என்று எழுதினேன்.

இரவு மனைவி அக்கராயனில் இருந்து போன் எடுத்தாள்.

"குத்தினனீங்களோ?"

"ஓம்."

"எவ்வளவு?"

"நூற்றெட்டு."

"கை நடுங்கேல்லையோ?"

"இல்லை."

"பாத்தீங்களே, உங்களாலயும் ஏலும்" என்றாள். உண்மையாகவே சந்தோசப்பட்ட குரல். போனை வைத்த பிறகு என்னால் கதிரையில் இருக்க முடியவில்லை. எழுந்தேன், முற்றத்தில் நடந்தேன், கொப்பியை எடுத்துப் பார்த்தேன், திரும்ப அலுமாரிக்குள் வைத்தேன்.

சனிக்கிழமை காலையும் அப்படியே. மணிக்கூடு 109. மகள் இன்சுலினைப் போட்டாள். நான் அவித்த புட்டு கட்டிபட்டுவிட்டது. அவள் பாதியைத் தின்றுவிட்டு மிச்சத்தை வைத்துவிட்டுப் போனாள். இன்சுலின் போட்டால் சாப்பாட்டை முழுதாகச் சாப்பிட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் புட்டு மிஞ்சிய கோப்பையை நான் பார்க்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வகுப்பு முடிந்து பதினொரு மணி போல வெயிலுக்குள் சைக்கிள் மிதித்துக் கடைக்கு வந்தாள். நெடுந்தூரமில்லை, ஆனால் ஏற்றம். ஒரு வயதான அம்மா தன் போனைத் திருத்தக் கொடுத்துவிட்டுச் சுவரோர மர வாங்கில் இருந்து காத்திருந்தா. மகள் அவாவுக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அப்பா, எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

போனைப் பார்த்தேன். 114. "வெயில்தான் பிள்ளை. தண்ணி குடி."

"கை நடுங்குது."

"நூற்றிப் பதினாலு காட்டுது. ஒண்டுமில்லை."

"பசிக்குது அப்பா."

"கொஞ்சம் பொறு. இதை முடிச்சிட்டு வீட்ட போவம்."

அவள் புத்தகப் பையைக் காலடியில் வைத்தாள். தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். நான் குனிந்து வேலையைப் பார்த்தேன். என் போன் சிணுங்கியது. 112. மனம் ஆறியது. இதை எழுதும்போது அந்த ஆறுதலை நினைத்துத்தான் எனக்கு அதிகம் கூசுகிறது. பிள்ளை மூன்று தரம் வாய்விட்டுச் சொன்னாள். நான் எண்ணைத்தான் கேட்டேன்.

"தம்பி," என்றா அந்த அம்மா. "பிள்ளைக்கு என்ன இப்பிடி வேர்க்குது?"

திரும்பினேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முகத்தில் நிறமே இல்லை. கண் பாதி மூடியிருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். "கொப்பி நனையுது, மூடுங்கோ," என்று குழறினாள். நனைவதற்கு அங்கே கொப்பியும் இல்லை, மழையும் இல்லை.

புத்தகப் பையைக் கொட்டினேன். மெசினை எடுத்தேன். அன்றுதான் முதன்முதலாக அவள் விரலில் நான் குத்தினேன். கை நடுங்கியதா என்று கேட்டால் தெரியாது. இரத்தம் வந்ததும் மெசினில் செருகிய தாளில் தொட்டதும்தான் நினைவிருக்கிறது. மெசின் ஐந்து நொடி எண்ணும். அந்த ஐந்து நொடிக்குள் நான் கடைக்குள் நின்ற இடத்திலேயே சுற்றிவந்தேன்.

38.

மணிக்கூடு அவள் கையில் 112 என்று மின்னிக்கொண்டிருந்தது.

அந்த அம்மா மகளை மடியில் சாய்த்து வைத்திருந்தா. நான் குளுக்கோஸைக் கரைத்துக் கொண்டுவந்தேன். "விழுங்குறாள், விழுங்குறாள். மெள்ள, மெள்ள," என்று சொல்லிச் சொல்லி அவாதான் கரண்டியால் பருக்கினா. நான் வீதிக்கு ஓடி ஓட்டோவை மறித்தேன். கடையைப் பூட்டவில்லை. அந்த அம்மா தன் போனைக்கூட மறந்து எங்களோடு ஏறி வந்தா.

ஊர் ஆஸ்பத்திரியில் நாளத்தில் ஊசி ஏற்றிக் குளுக்கோஸ் கொடுத்தார்கள். விரலில் கிளிப் ஒன்றை மாட்டினார்கள். அதற்குள்ளிருந்து சிவப்பு வெளிச்சம் விரலை ஊடுருவி நகம் வரை தெரிந்தது. பக்கத்துத் திரையில் 98 என்று வந்தது. ஒக்சிசன் அளவு என்றா தாதி. நான் கட்டிலின் தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்கும் நடந்தேன். இருக்கச் சொன்னார்கள். இருந்தேன். எழுந்தேன். கொஞ்ச நேரத்தில் மகள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "ஏன் அப்பா நடக்கிறீங்கள்?" என்று கேட்டாள்.

டொக்ரர் இளம் பெண், ஒருதரம் போன் திருத்த என் கடைக்கு வந்தவா. கொப்பியைக் கேட்டா. வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தேன். அவா கடைசிப் பக்கத்தை ஒருதரம் பார்த்தா, முந்திய பக்கங்களைப் பார்த்தா, திரும்பவும் கடைசிப் பக்கத்துக்கு வந்தா.

"இது எல்லாம் அம்மாவின்ர எழுத்து. ஏறுது, இறங்குது. இது ஆற்ற எழுத்து?"

"என்ர."

"நூற்றிப் பதினொண்டு, நூற்றெட்டு, நூற்றி ஒன்பது. இப்பிடி நேராப் போற கொப்பியை நான் இன்னும் காணேல்லை. குத்தினனீங்களோ ஐயா?"

பொய் வாய் வரைக்கும் வந்தது. மகள் விழித்திருந்தாள். கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்லை டொக்ரர். மணிக்கூட்டில பாத்து எழுதினனான்."

அவா ஏசவில்லை. ஏசியிருக்கலாம். நான்தான் கோபப்பட்டேன். விரலில் இருந்த கிளிப்பைக் காட்டி, "உதுவும் வெளிச்சத்திலதானே பாக்குது? உது சரியெண்டால் இந்த மணிக்கூடு ஏன் பிழையாக் காட்டுது?" என்று கேட்டேன். என் குரல் உயர்ந்ததை நான் அறிந்தேன்.

அவா அந்தக் கிளிப்பைக் கழற்றி என் விரலில் மாட்டினா. "ஓம், இதில சிவப்பு வெளிச்சமும் இருக்கு, அதுக்கு அங்கால கண்ணுக்குத் தெரியாத வெளிச்சமும் இருக்கு. ஒக்சிசன் உள்ள இரத்தம் ஒரு நிறம், இல்லாத இரத்தம் வேற நிறம். அதால வெளிச்சத்துக்கு வித்தியாசம் தெரியும். சீனிக்கு நிறமில்லை. உடம்பில தண்ணிதான் கூட. அந்தத் தண்ணி பிடிச்சு விழுங்கிற வெளிச்சத்துக்குள்ள சீனி செய்யிற வித்தியாசம் துளி. அதைப் பிடிக்கக் கனகாலமாப் படிச்ச ஆக்கள் முயற்சி செய்யினம். ஒருநாள் வரும். ஆனா பிள்ளைக்கு மருந்து போடுற அளவுக்கு நம்பக்கூடியது இன்னும் எங்கட கைக்கு வரேல்லை."

"அப்ப இந்த எண் எங்கயிருந்து வருது?"

"அதை நீங்கள்தான் பாத்துச் சொல்லோணும். போன் திருத்துறவர் நீங்கள்தானே?" என்றா.

மனைவி முப்பத்தொன்றுச் சடங்கை விட்டுவிட்டு, மாங்குளத்தில் பஸ் மாறி வந்து சேரப் பின்னேரமாகிவிட்டது. போனிலேயே எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். வந்தவள் என்னைப் பார்க்கவில்லை. மகளின் கன்னத்தைத் தடவினாள். கையைக் கழுவிவிட்டு விரலில் குத்திப் பார்த்தாள். 146. எழுதினாள். மணிக்கூட்டைக் கழற்றி என் சட்டைப் பைக்குள் போட்டாள். வெளியே வந்து, ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் நின்றபோதுதான் வாய் திறந்தாள்.

"எனக்கு ஓம் எண்டு சொன்னீங்கள். நான் அங்க எல்லாருக்கும் சொன்னனான், அவர் குத்தப் பழகிட்டார் எண்டு."

நான் மன்னிப்புக் கேட்டேன். காது கேட்காததுபோல உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை கடையைத் திறந்ததும் அந்த வேலையைச் செய்தேன். யாராவது ரிமோட் கொண்டுவந்தால் நான் முதலில் போன் கமெராவைத்தான் முன்னால் பிடிப்பேன். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி, கமெராவில் வெளிறிய ஊதாப் புள்ளியாகத் தெரியும். தெரிந்தால் ரிமோட் வேலை செய்கிறது, தெரியாவிட்டால் இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம் செய்கிற காரியம். மணிக்கூட்டுக்கு மட்டும் இரண்டு மாதமாகச் செய்யவில்லை. செய்யத் தெரியாமல் அல்ல. செய்ய மனம் வரவில்லை.

மணிக்கூட்டைத் திருப்பிக் கமெராவின் முன் பிடித்தேன். நாடித் துடிப்புப் பார்க்கும் சாதாரணப் பச்சை வெளிச்சம் விட்டு விட்டு எரிந்தது. வேறு எதுவும் தெரியவில்லை. ஒரு கமெராவை நம்பாமல் மூன்று போன்களில் பார்த்தேன். பிறகு முதுகைக் கழற்றினேன். விளம்பரத்தில் கதிர் வரும் இடம் என்று காட்டிய கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே வெறும் பிளாஸ்டிக்தான் இருந்தது. கள்ளச் சாச்சர், கள்ளப் பற்றரி என்று ஊருக்கெல்லாம் பிரித்துக் காட்டுகிறவன் நான்.

அன்று பின்னேரம் மகளிடம் சொன்னேன்: "நீ சொன்னதை நான் நம்பியிருக்கோணும்."

"ஓம்," என்றாள், வீட்டுப்பாடத்தில் இருந்து தலையை நிமிர்த்தாமல். "நம்பியிருக்கோணும்."

அதன் பிறகு பின்னேரம் குத்துவது என் வேலையாயிற்று. முதல் கிழமை அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள், நானும் மூடிவிடப் பார்ப்பேன். "அப்பா, நீங்கள் கண்ணைத் திறக்கோணும்," என்பாள். விரலின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் நோவு குறைவு என்று அவளே காட்டினாள். மனைவி நான் எழுதியதை நம்பாமல், மெசினுக்குள் பதிந்திருக்கும் எண்ணைக் கொப்பியோடு ஒத்துப் பார்ப்பாள். ஒவ்வொரு நாளும் பார்த்தாள். ஒரு மழைக்காலம் முடியும் வரை அப்படி இருந்தது. ஒருநாள் பார்க்காமல் கொப்பியை மூடி அலுமாரிக்குள் வைத்தாள். நானும் கவனிக்காதவன்போல இருந்துவிட்டேன்.

ஆனால் என் அந்தரம் போகவில்லை. இப்போது எண் வருவதில்லை, அதனால் வெறும் போனையே எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். பள்ளிக்கூட வேலிப் பக்கம் இன்னும் போகிறேன். அவள் என்னைக் கண்டால் கையைத் தூக்கி 'சுகம்' என்று காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சிநேகிதிகளுக்கு முன்னால் வெட்கம்.

போன மாதம் முரசுமோட்டையில் வயல் செய்கிற ஒரு ஐயா, தன் மகளைப் பார்க்க நெடுங்கேணிக்கு வந்தவர், கடைக்கு ஒரு பெட்டியோடு வந்தார். அதே வகை மணிக்கூடு. பட்டியின் நிறம்தான் வேறு.

"மோன் வெளிநாட்டில இருந்து அனுப்பினவன், தம்பி. இதைப் போனோட சேத்து விடுங்கோ. ரெண்டு மாசமாக் கிளினிக்குக்கும் போறதில்லை. இதே எல்லாம் காட்டுது, நூறு, நூற்றிப் பத்து எண்டு. மருந்தையும் குறைச்சிட்டன்."

நான் மேசை துடைக்கும் துணியை நனைத்து உருட்டி, அதில் மணிக்கூட்டைக் கட்டினேன். அவர் சிரித்துக்கொண்டு பார்த்தார். கொஞ்ச நேரம் பச்சை வெளிச்சம் தேடியது. பிறகு எண் வந்தது: 107. அவர் சிரிப்பை நிறுத்தவில்லை, ஆனால் அது முகத்தில் வெறுமனே நின்றது.

"என்ர மோன் ஏமாத்த மாட்டான்."

"அவரையும்தான் ஏமாத்தியிருக்கினம், ஐயா. என்னையும் ஏமாத்தினவை." என் மகளுக்கு நடந்ததை முழுதாகச் சொன்னேன். நான் கொப்பியில் எழுதியதையும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து கேட்டார்.

கடையில் இப்போது ஒரு மெசின் வைத்திருக்கிறேன். "விரலைத் தாங்கோ ஐயா," என்றேன். வயல் செய்த விரல், தோல் தடித்திருந்தது. புது ஊசி போட்டு ஓரத்தில் குத்தினேன். 287.

அவர் அந்த எண்ணைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு, "இனி என்ன தம்பி செய்யிறது?" என்று கேட்டார்.

"நாளைக்கு வெள்ளனக் கிளினிக்குக்குப் போங்கோ. குறைச்ச மருந்தையும் சொல்லுங்கோ, ஒண்டையும் மறைக்காதேங்கோ."

அவர் மணிக்கூட்டைத் துணியில் இருந்து அவிழ்த்து ஈரத்தை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார். யோசித்துவிட்டுத் திரும்பவும் கையிலே கட்டிக்கொண்டார். "நேரமாவது சரியாக் காட்டுமோ?" என்றார்.

"நேரம் சரி, ஐயா," என்றேன். பஸ் வர இன்னும் நேரமிருந்தது. அவருக்குத் தேத்தண்ணி சொல்லப் போனேன், சீனி போடாமல்.